விளக்குக்கு எண்ணெய் யார் கணக்கில்?

எங்கள் கருங்குழிக்கு (வள்ளலார் இருந்த கருங்குழி அல்ல, இது மதுராந்தகத்துக்குப் பக்கம்) வடக்கே, பாலாற்றங்கரையில் திருமுக்கூடல். அங்கே பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) கல்வெட்டு ஒன்று. வேதமும் வியாகரணமும் படித்த மாணவர்களுக்குச் சோறு, பாய், இராவிளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமை முழுக்குக்கு எண்ணெய், நோய் வந்தால் 15 படுக்கையுள்ள ஆதுலசாலை என்று எல்லாம் கணக்கில் இருக்கிறது. பொருள் வயலைக்காவூர் வரியிலிருந்து. இந்தப் பிரதியைச் சோழப் பெருமையாக வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அதன் மௌனம்தான் உறுத்துகிறது: வரி நெல்லை விளைவித்தவன் பிள்ளைக்கு அந்த விளக்கடியில் இடமில்லை.

2003இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் அரசு நிதியில் கூட்டாகத் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., பாடங்களை யாரும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டது. சாதி கேட்காத வாசல், லேசான காரியமில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம்.

ஆனால் எண்ணெய்? எங்கள் தெருப் பெண் ஒருத்தி அண்ணன் போனில் பாடம் பார்க்கிறாள். டேட்டா காசு அவன் கூலியில். சில பாடங்களுக்குத் தமிழாக்கம் வந்திருக்கிறது, அவள் பாடத்துக்கு இல்லை. “பாதி புரியுது சார், மீதியப் படத்தப் பாத்து ஊகிச்சுக்குவேன். அதுவும் அண்ணன் ராத்திரி வேலைலேருந்து வந்தப்புறந்தான்” என்றாள்.