நாலு வரிக் குறிப்புக்கு ஓர் உரை

பூஞ்சையின் புரதத்தைச் செடி இனம் காண்கிறதா என்று பார்க்க ஆய்வகங்களில் எழுதிவைக்கும் குறிப்பு சுருக்கமானது. தக்காளி இலையில் பூசணம் பிடிக்கவைக்கும் கிளாடோஸ்போரியத்தின் ஏவிஆர்4 புரதத்துக்கு அது ஏறக்குறைய இப்படி இருக்கும்.

“நாலைந்து வாரப் பெந்தமியானா எடு.”

ஆஸ்திரேலியக் காட்டுப் புகையிலை. தக்காளிக்கு உறவு, கத்தரிக் குடும்பம். திரவம் எளிதில் ஏறும் இலை. பூ விட்ட செடி வேண்டாம்.

“ஆக்ரோபாக்டீரியத்தை இலையின் அடியில் ஏற்று.”

ஊசியைக் கழற்றிய 1 மி.லி. சிரிஞ்சின் வாயை இலையின் அடிப்புறம் பொருத்தி, மேற்புறம் விரலால் தாங்கி, மெதுவாக அழுத்த வேண்டும். இலைத்துளை வழியே நீர் பரவ, அந்த இடம் கரும்பச்சையாகும். உடனே மார்க்கரால் வட்டமிடுங்கள். காய்ந்தால் இடம் தெரியாது. ஏவிஆர்4 மரபணுவையும், அந்தப் புரதத்தை உணரும் தக்காளி ஏற்பியான சிஎஃப்-4இன் மரபணுவையும் செல்லுக்குள் சேர்ப்பது இந்தப் பாக்டீரியாதான்.

“தனித்தனியாகவும் ஏற்று.”

ஒரே இலையில் புரதம் மட்டும் ஓர் இடம், ஏற்பி மட்டும் ஓர் இடம், இரண்டும் சேர்த்து ஓர் இடம். சேர்த்த இடம் மட்டும் கருக வேண்டும். நஞ்சோடு ஒப்பிட்டால் காரணம் புரியும். 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி.எஸ். சதாசிவனின் ஆய்வுக்கூடம் பருத்தி வாடலில் ஃபுசாரிக் அமிலத்தின் பங்கை ஆராய்ந்தது. அது நஞ்சு, துணையின்றியே செடியைக் கெடுக்கும். ஏவிஆர்4 அப்படியல்ல. பூஞ்சையின் கைட்டின் சுவரைப் போர்த்திக் காப்பது அதன் வேலை. சிஎஃப்-4 இருந்தால், செடி தன் செல்களைத் தானே மாய்த்துக்கொள்கிறது. தனியாக ஏற்றிய இடமும் கருகினால் முதலில் பாக்டீரியாவின் அடர்த்தியைச் சந்தேகியுங்கள்.

“22 டிகிரியில் வை, இரண்டாம் நாள் முதல் பார்.”

பலரும் அலட்சியம் செய்வது இந்த வரியைத்தான். ஏவிஆர்4, சிஎஃப்-4 இரண்டையும் தன்னுள் கொண்ட தக்காளி நாற்று 20 டிகிரியில் மடிந்துவிடும். 33 டிகிரியில் பிழைத்து நிற்கும். சூட்டில் இந்த எதிர்ப்பே அடங்கிப்போகிறது. சித்திரையில் சென்னையை அடுத்த காட்டுப்பாக்கத்து மொட்டைமாடியில் அந்தப் புகையிலைத் தொட்டியை வைத்தால் நண்பகலில் 33 டிகிரியைத் தாண்டிவிடும். இலை பச்சையாகவே இருக்கும். “இனம் காணவில்லை” என்று நோட்டில் ஏறிவிடும். குளிரூட்டிய வளர்ப்பறை இருந்தாலும் இரவில் கரண்ட் போனால் இதே கதிதான். இலையின் படத்தோடு அறையின் இரவு வெப்பநிலையையும் குறித்து வையுங்கள். நடுவில் வெப்பநிலை ஏறியிருந்தால் அந்த இலையைக் கணக்கில் சேர்க்காமல் புதுச் செடியில் மறுபடி ஏற்றுங்கள்.