மனச்சாட்சிக்கு அளித்த உறுதிமொழி: 1947-உம் ஆங்கிலிக்கன் சபைகளும்

கோடைக்கானலுக்கு ஓய்வுக்கென்றோ கூடுகைக்கென்றோ செல்லும் ஆயர்கள் அங்குள்ள பழைய ஆலயங்களைச் சுற்றிப் பார்த்துத் திரும்புவது வழக்கம். அவற்றின் அழகை வியப்போர் பலர். சிறியதொரு மலையூரில் இத்தனை ஆலயங்கள் ஏன் எழுந்தன என்று வினவுவோர் சிலரே. 1845-இல் அங்கு முதல் வீடுகளை எழுப்பியவர்கள் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த அருட்பணியாளர்கள். சமவெளியின் நோய்களுக்குத் தம் குடும்பத்தாரையும் உடன் ஊழியரையும் பறிகொடுத்தபின், பழனி மலைத்தொடரின் குளிரில் புகலிடம் தேடியவர்கள் அவர்கள். காங்கிரிகேஷனல் மரபினர், பேராயரற்ற சபையொழுங்கில் வளர்ந்தவர்கள். அவர்களையடுத்து ஆங்கிலேய அதிகாரிகளும், திருநெல்வேலியிலிருந்து ஆங்கிலிக்கன் அருட்பணியாளர்களும் ஏறி வந்தனர். ஆங்கிலிக்கன் மரபினருக்கெனப் பரிசுத்த பேதுரு ஆலயம் எழுந்தது. கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்து ஒரே மலைப்பாதையில் டோலியில் சுமந்து வரப்பட்டவர்கள், ஞாயிறு காலையில் வெவ்வேறு பீடங்களை நோக்கிப் பிரிந்து சென்றார்கள்.

இன்று அவ்விரு மரபுகளும் தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்துக்குள் அடங்கும். இது எவ்வாறு நேர்ந்தது என்பதை நம் மாணவர்கள் தேர்வுக்காகப் படிக்கிறார்கள். தரங்கம்பாடி மாநாடு 1919, ஐக்கியம் 1947 செப்டம்பர் 27 என்று பிழையின்றி எழுதுகிறார்கள். ஆனால் அந்த ஐக்கியத்தைக் கண்டு அஞ்சிய ஆங்கிலிக்கன் குருமாரும் சபையாரும் எவ்வாறு நடத்தப்பட்டார்கள் என்னும் செய்தி விடைத்தாள்களில் காணப்படுவதில்லை. இங்கு அதனையே சற்று நின்று நோக்க விழைகிறோம்.

அவர்களுடைய அச்சத்தைப் பிடிவாதம் என்று தள்ளிவிடுவது எளிது, நீதியன்று. 1908-இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபையின் ஊழியர்களும் மெதடிஸ்து ஊழியர்களும் பேராயரின் கரங்களால் அபிஷேகம் பெற்றவர்கள் அல்லர். ஐக்கியத் திட்டமோ அவர்களை மறு அபிஷேகமின்றி அப்படியே ஏற்றது. இனி நிகழும் அபிஷேகங்கள் யாவும் பேராயராலேயே நிகழும். முப்பது ஆண்டுகள் கழிந்தபின், எஞ்சிய வேறுபாடுகளைக் குறித்துத் திருச்சபை தானே முடிவு செய்யும் என்று அது கூறிற்று. ஆக, அந்த முப்பது ஆண்டுகளும் இருவகை ஊழியரும் ஒரே திருச்சபையில் திருவிருந்தை நடத்துவர். பேராயரால் அபிஷேகம் பெறாதவர் பீடத்தண்டை நிற்கலாகாது என்று ஜெப புத்தகத்தின் முறைமையில் பயின்ற ஒருவருக்கு இது சிறிய காரியமன்று. தாம் பெறும் அப்பமும் பாத்திரமும் மெய்யான திருவிருந்துதானா என்னும் கேள்வி அது. கவிஞர் டி.எஸ்.எலியட் 1943-இல் இத்திட்டத்தைத் தாக்கி இலண்டனில் ஒரு சிறுநூலே வெளியிட்டார்.

இழப்பும் மெய்யாகவே இருந்தது. சென்னை, தோர்ணக்கல், திருநெல்வேலி, திருவிதாங்கூர்–கொச்சி ஆகிய நான்கு ஆங்கிலிக்கன் திருமண்டலங்கள் இந்தியா, பர்மா, இலங்கைத் திருச்சபையை விட்டு வெளியேறியே ஐக்கியத்துக்குள் வரவேண்டியிருந்தது. எஸ்.பி.ஜி. சங்கமோ, ஐக்கியத்துள் செல்லும் பகுதிகளுக்குத் தன் பொது நிதியிலிருந்து உதவாமல் தனிக்கணக்கு ஒன்றைத் திறந்தது. ‘எஸ்.பி.ஜி. சபை’ என்பதையே தம் அடையாளமாகக் கொண்டிருந்த கிராமத்து விசுவாசிக்கு, பெற்றோர் வீட்டில் விருந்தாளி ஆனதுபோல் இருந்திருக்கும். 1948-இல் கூடிய லாம்பெத் மாநாடும் முழு ஐக்கிய உறவை வழங்கவில்லை. இதற்காகவே உழைத்த பேராயர் அசரியா 1945 ஜனவரி முதல் நாளிலேயே மறைந்துவிட்டார்.

இத்தகையோருக்குத் திருச்சபை அளித்தது ஓர் உறுதிமொழி. எந்தச் சபையின்மீதும், அது பழகியிராத, அல்லது மனச்சாட்சியால் ஏற்கவியலாத வழிபாட்டு முறையையோ ஊழியரையோ திணிப்பதில்லை என்பது அதன் சாரம். ஆங்கிலிக்கரில் சிலர் இதனைப் போதாத காவல் என்றனர். இது சட்டமன்று, வெறும் வாக்குத்தானே என்று கேட்டனர். மறுபுறத்தாரில் சிலர், தங்கள் ஊழியத்தை இது ஐயத்துக்கு இடமாக்குகிறது என்று மனம் வருந்தினர். இரு தரப்பாரும் கூறியது உண்மையே. வாக்கு என்பது அதனைக் காப்பவரின் நேர்மையளவே உறுதியுடையது.

அந்நேர்மை சோதிக்கப்பட்ட களங்களுள் ஒன்று நம் மதுரை–இராமநாதபுரம் திருமண்டலமே. மதுரை, திண்டுக்கல், பெரியகுளம், பழனி மலைச் சரிவுகள் என்று மேற்கே அமெரிக்க மிஷனின் சபைகள். கிழக்கே இராமநாதபுரத்தில் எஸ்.பி.ஜி.யின் சபைகள் (பிற்காலத்தில் அப்துல் கலாம் பயின்ற சுவார்ட்ஸ் பள்ளி அம்மரபில் வந்ததே). தெற்கே சிவகாசி, சாட்சியாபுரம் வட்டாரத்தில், ராக்லண்டு ஐயர் 1858-இல் தம் உயிரை ஈந்த சி.எம்.எஸ். களம். இம்மூன்றையும் இணைத்த திருமண்டலத்துக்குப் பேராயராக வந்தவர் லெஸ்லி நியூபிகின். ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பிரஸ்பிட்டேரியன் ஊழியர். 1947 செப்டம்பரில் முப்பத்தேழு வயதினர். சென்னைப் பரிசுத்த ஜார்ஜ் பேராலயத்தில் அவர் பேராயராக்கப்படும் நாள்வரை எந்தப் பேராயரின் கரமும் அவர் தலைமீது அமர்ந்ததில்லை. இராமநாதபுரத்து ஆங்கிலிக்கர் அத்தகைய ஒருவரையே தங்கள் பேராயராக ஏற்று, தங்கள் பிள்ளைகளைத் திடப்படுத்தலுக்கு அவர்முன் நிறுத்த வேண்டியிருந்தது.

உறுதிமொழி எங்கே நிறைவேறும், எங்கே மீறப்படும் என்று ஆயராகிய நம்மைக் கேட்டால், இடமாற்றப் பட்டியலில் என்போம். எந்த ஐயரை எந்தச் சேகரத்துக்கு அனுப்புவது என்னும் கேள்வியில்தான் இறையியல் நடைமுறையாகிறது. சபையார் ஏற்கத் தயங்கும் ஊழியரை, ‘நாம் இப்போது ஒரே திருச்சபை’ என்று கூறி அனுப்பிவிடப் பேராயரால் முடியும். அவ்வாறு செய்யாமலிருக்கும்படியே உறுதிமொழி அவரைக் கட்டிற்று. வழிபாட்டிலும் அவ்வாறே. 1950-இல் புதிய திருவிருந்து ஆராதனை முறை வந்தது. சிரியன் மரபிலிருந்து சமாதானத்தைக் கரத்தால் பகிரும் வழக்கம் அதில் இடம் பெற்றது. 1963-இல் பொது ஆராதனைப் புத்தகம் வெளிவந்தது. ஆயினும் பழைய ஜெப புத்தகத்தை எவரும் தடை செய்யவில்லை. புதியது நல்லதாயின் தானே பரவும் என்று காத்திருந்தார்கள்.

இக்காத்திருப்பின் அருமையை நாம் உணர்ந்தது காலந்தாழ்ந்தே. தொண்ணூறுகளில், அபிஷேகம் பெற்ற சில ஆண்டுகளுக்குள், பழனி மலைச் சரிவிலுள்ள சிறு சபையொன்றில் ஊழியஞ் செய்தோம். அமெரிக்க மிஷன் வழக்கப்படி அங்கு சிறு கிண்ணங்களிலேயே திராட்சரசம் வழங்கப்படும். தெற்கேயிருந்து தோட்ட வேலைக்கு வந்து குடியேறிய முதியவர் ஒருவர் மட்டும் முழங்காற்படியிட்டு, பொதுப் பாத்திரத்துக்காகக் காத்திருப்பார். சபையின் ஒருமைக்கு இது இடையூறு என்று கருதி, ஒருநாள் அவரைத் தனியே அழைத்து, “ஐயா, எல்லாரையும் போலவே நீங்களும் பெறலாமே” என்றோம். அவர் மறுப்பேதும் கூறவில்லை. அதன்பின் ஆராதனைக்குத் தவறாமல் வந்தார்; திருவிருந்து வேளையில் மட்டும் வெளியே சென்று நிற்பார். உறுதிமொழியை நாம் கல்லூரியில் படித்துத் தேறியவர்களே. ஒரு பாத்திரத்தைக் கூடுதலாக வைப்பதற்கு என்ன தடை இருந்தது என்று இன்றும் நம்மையே கேட்டுக்கொள்கிறோம். ஓராண்டு கழித்து வைத்தோம். அவர் வந்தார்.

ஐக்கியத்துள் வராமலேயே நின்றவர்களும் உண்டு. ஆந்திர நாட்டில், தோர்ணக்கல் திருமண்டலத்தைச் சேர்ந்த நந்தியால் பகுதியின் எஸ்.பி.ஜி. சபைகளில் பல்லாயிரம் பேர் தென்னிந்தியத் திருச்சபையை ஏற்காமல், கல்கத்தாவிலிருந்த தலைமைப் பேராயரின் ஆளுகைக்குள் ஆங்கிலிக்கராகவே நீடித்தனர். கொள்கை மட்டுமே காரணம் எனக் கொள்வதற்கில்லை. தங்களைப் பெற்றெடுத்த மிஷன்மீது கொண்ட பற்றும் அதில் கலந்திருந்தது. ஒரே ஊரில் இரு பேராயர்களின் அதிகாரம் என்னும் நிலை இதனால் தோன்றியது. ஐக்கியத்தின் நோக்கத்துக்கே இது முரண். 1970-இல் வட இந்தியத் திருச்சபை உருவானபோது, நந்தியாலார் பற்றிக்கொண்டிருந்த தாய்த் திருச்சபையே ஐக்கியத்துள் சென்றுவிட்டது. எழுபதுகளிலேயே நந்தியாலும் தென்னிந்தியத் திருச்சபையின் திருமண்டலங்களுள் ஒன்றாயிற்று.

இதற்கிடையில் இங்கிலாந்தின் மனமும் மாறலாயிற்று. 1955-இல் கேன்டர்பரி, யார்க் ஆகிய இரு சங்கங்களும் தென்னிந்தியத் திருச்சபையில் அபிஷேகம் பெற்ற பேராயர், குருமாருடைய ஊழியத்தை மெய்யான ஊழியமென ஏற்றன. முப்பது ஆண்டுத் தவணை 1977-இல் நிறைவுற்றபோது பெரும் ஆரவாரம் ஏதும் எழவில்லை. பழைய ஊழியரில் பலர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தனர்.

பின்னர் இதே வினா இங்கிலாந்துக்கே சென்றது. பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் வழங்க 1992-இல் அத்திருச்சபையின் பொதுச் சங்கம் முடிவு செய்தபோது, அதனை ஏற்கவியலாத மரபுவழிக் குருமாரையும் சபைகளையும் என்செய்வது என்னும் கேள்வி பிறந்தது. 1993-இல் அவர்கள் கண்ட வழி, அத்தகைய சபைகளை மேய்க்கத் தனிப் பேராயர்களை ஏற்படுத்துவது. ஊர் ஊராய்ச் செல்லும் அவர்களைப் ‘பறக்கும் பேராயர்கள்’ என்று பத்திரிகைகள் குறிப்பிட்டன. நம் முன்னோர் 1947-இல் இதற்கு நேர்மாறான வழியைத் தெரிந்துகொண்டனர்: பேராயர் ஒருவரே, ஆனால் அவர் தம் கையைத் தாமே கட்டிக்கொள்ள வேண்டும். தனிப் பேராயரைத் தருவது சிறுபான்மையினருக்கு உறுதியான அரண். எனினும் அயலாரின் மனச்சாட்சியைச் சுமக்கும் பாரத்தை அது பெரும்பான்மையினரின் தோளிலிருந்து இறக்கிவிடுகிறது. நாம் முந்தைய வழியையே விரும்புகிறோம். நந்தியாலாரில் ஒருவர் எழுந்து, ‘உங்கள் பேராயர்கள் எல்லாரும் அவ்வாறு கையைக் கட்டிக்கொண்டார்களா?’ என்று கேட்டிருந்தால், நாம் என்ன மறுமொழி கூறியிருப்போம் என்று அறியோம்.