உடலைக் காத்த கலை

உயிர் பிரிந்தபின் உடலில் விரைந்து கெடுவது வயிறேயாகும். குடலிலுள்ள நுண்கிருமிகள் பெருகி வாயுவை உண்டாக்க, உடல் வீங்குகின்றது. பண்டை எகிப்தியர் கிருமிகளை அறியார். ஆயினும் கேடு தொடங்கும் இடத்தை அறிந்திருந்தனர். வயிற்றின் இடப்பக்கத்தைக் கீறி, குடல், இரைப்பை, ஈரல், நுரையீரல் என்பவற்றை அகற்றினர். இதயத்தைப் பெரும்பாலும் உள்ளேயே விட்டனர். பின்னர் நேற்றன் என்னும் உப்பினால் உடலை மூடி, நீரை வற்றச் செய்தனர். இதற்கு 70 நாள் என ஹெரொடோற்றஸ் கூறுவர்.

வயிறு இவ்வாறு வெறுமையாக்கப்படாவிடின் நேர்வது யாது? 1087இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் வில்லியத்தின் உடலை, பிரான்சின் கான் நகரில், அளவிற் சிறிய கற்பேழையுள் திணித்தபோது வயிறு வெடித்தது என வரலாற்றாசிரியர் ஓடெரிக் எழுதினர். துர்நாற்றம் தாங்காது குருமார் சடங்கை விரைந்து முடித்தனராம்.

நாடு வென்ற வேந்தனுக்கும் கிட்டாத இறுதி மதிப்பை, நைல் நதிக்கரையில் பெயரறியாத் தொழிலாளர் தம் கைத்திறத்தால் அளித்தனர். அவர்களையும் நாம் வரலாற்றிற் போற்றுவோமாக.