ராஜூலாவும் கப்பற் சொற்களும்

“அவர் ராஜூலாவில் டெக்கில் வந்தவர்” என்று முதியோர் ஒருவரைப்பற்றிச் சொன்னால், நம் ஜொகூர்த் தோட்டத்து இளைஞர் பலர் ராஜூலாவை ஊரென்றும் டெக்கை வேலையென்றும் எண்ணி மயங்குகின்றனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கப்பற் பிரயாணம் நின்றதும் கப்பற் சொற்களும் மறைந்தன. சொல் விளங்காதவனுக்குப் பாட்டன் கதை பாதியே விளங்கும்.

ராஜூலா 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பெற்றது. பிரிட்டிஷ் இந்தியாக் கம்பெனியார் அதனைச் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்கிடையே ஓட்டினர். 1973-இல் விற்கப்பட்டு, ரங்கத் எனப் பெயர் மாறி, அடுத்த ஆண்டு உடைக்கப்பட்டது.

இக்கதையில் முதலில் அறியவேண்டிய சொல் டெக். கப்பலின் தட்டு, அல்லது தளம், என்பது பொருள். டெக் டிக்கட்டென்றவுடன் காற்றாட உலாவும் பாக்கியம் என்று எண்ணிவிடலாகாது. அறையில்லை, கட்டிலில்லை, பாய் விரித்த இடமே வீடு. ஆதியில் இக்கப்பலுக்கு அனுமதிக்கப்பட்ட டெக் பிரயாணிகள் 5,000-க்கு மேல். அறைப் பிரயாணிகளோ சிலரே. கூலியாட்களின் கட்டணத்தை 1907-இல் மலாயாவில் ஏற்பட்ட குடியேற்ற நிதி கொடுத்தது. அந்நிதிக்குப் பணம் கட்டியோர் தோட்ட முதலாளிமார். ஆகவே டிக்கட் கையிலிருந்தாலும் பிரயாணம் தன்னுடையதன்று. 1938-இல் இந்திய சர்க்கார் இத்தகைய உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடுத்தது.

மற்றொரு சொல் குவாரண்டைன், அதாவது தொற்றுநோய்க்கு அஞ்சி இறங்கியோரை அடைத்துவைத்தல். பினாங்கில் ஜெரெஜாக் தீவும் சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவும் அக்காலத்தில் அதற்குரியவையாயிருந்தன. சிங்கப்பூரில் இறங்கி நம் ஜொகூருக்கு வந்தோர், 1924-இல் திறக்கப்பட்ட பாலத்தின் வழியே ரயிலில் நீரிணையைக் கடந்தனர்.

சுக்கான், மாலுமி இரண்டும் அரபு வழி வந்தவை. தட்டில் வேலை செய்வோருக்குத் தலைவனான சாரங்கு பாரசீகச் சொல். மலாய்க்காரரும் ‘மாலிம்’, ‘செராங்’ என்கின்றனர். தனித்தமிழன்பர் இவற்றை விலக்கச் சொல்வர். கடலில் எல்லாரும் ஒரே காற்றில் பாய் விரித்தவர்கள், நான் விலக்கமாட்டேன். நாமும் கொடுத்திருக்கிறோம்: மலாயின் ‘காப்பால்’ நம் கப்பலே. அதற்கு முந்திய நாவாய், வங்கம், கலம் என்பவற்றையும், பாய்மரத்துக்குக் கூம்பு, கப்பலின் முன்பக்கத்துக்கு அணியம், செலுத்துவோனுக்கு மீகாமன் என்பவற்றையும் நம் முன்னோர் வழங்கினர்.

கடல் கடந்தால் சாதி கெடுமென்று சாஸ்திரம் எழுதியோர் ஒருபுறமிருக்க, மீகாமன் என்று பெயரிட்ட சமூகம் ராஜூலாவில் தட்டுச் சரக்காகவே ஏறியது. பாட்டன் டெக் என்னும்போது சற்று நிறுத்துவார். அவ்விடத்தில், பாய் எங்கே விரித்தீர்கள், பக்கத்தில் யார் படுத்திருந்தார்கள் என்று கேளுங்கள்.