கடையத்திலிருந்து சென்ற ஒரு கடிதம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பொருநையைச் சேரும் ராமநதிக்கு அருகே இருக்கிறது கடையம். இன்று தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர் முன்னர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1918-ஆம் ஆண்டின் இறுதியில், கடலூர்ச் சிறையினின்றும் விடுதலை பெற்ற சுப்பிரமணிய பாரதியார், தம் மனைவி செல்லம்மாளின் ஊராகிய அக்கடையத்துக்கு வந்து சேர்ந்தார். 1920-இல் அங்கிருந்து அவர் நண்பர்களுக்கு எழுதிய சுற்றுக் கடிதம் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அதற்கு முன், மாணவர்களே, அவர் கவிஞராக மட்டுமன்றிப் பத்திரிகை எழுத்தாளராகவும் வாழ்ந்தவர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். நெல்லை இந்துக் கல்லூரியில் பயின்ற அவர், 1904-இல் சென்னை சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராக அமர்ந்தார். ஆங்கிலத்தில் வந்த தந்திச் செய்திகளை உடனுக்குடன் தமிழாக்குவது அவருடைய வேலை. அக்காலத்து உரைநடையோ பெரும்பாலும் புலவர் புலவருக்கு எழுதியது. சொற்கள் சந்தியாற் பிணைந்து கிடக்கும். எழுவாயை விட்டுப் பயனிலையைத் தேடப் பக்கத்தைப் புரட்ட வேண்டியிருக்கும். ஏடு படித்தவனுக்கு விளக்கம் சொல்ல ஆசிரியர் அருகில் இருந்தார். காலணா அரையணா கொடுத்துப் பத்திரிகை வாங்கியவனுக்கு யார் இருந்தார்?

இந்தக் கேள்விக்குப் பாரதியார் கண்ட விடை எளிமையானது. 1912-இல் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில், இரண்டொரு வருடமே நூற்பழக்கம் உள்ளவனுக்கும் பொருள் விளங்க வேண்டுமென்று தம் வாசகனை அவர் வரையறுத்துக் கொண்டார். உரைநடை பற்றிய சிறு கட்டுரை ஒன்றில் வழியையும் சொன்னார்: சொல்ல வந்ததை முதலில் மனத்திலே கட்டிக்கொள், எழுதியதை நண்பனிடம் படித்துக்காட்டு, வாக்கியம் வாய்க்கு இணங்குகிறதா என்று பார். முப்பதாண்டுகளுக்கு மேல் மாணவர் கட்டுரைகளைத் திருத்திய எனக்கு, இதனினும் நல்ல பாடம் எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் கிடைக்கவில்லை. இன்று கைப்பேசித் திரையில் எழுதும் உங்களுக்கும், முகமறியாத வாசகனே எதிரில் இருக்கிறான்.

அக்கட்டுரையில் இன்னொரு கருத்தும் உண்டு. நெஞ்சில் நேர்மையும் துணிவும் இல்லாதவன் கையில் வாக்கியம் தள்ளாடும் என்கிறார். இதை ஏட்டுச் சுரைக்காயாகக் கொள்ளலாகாது. 1908 மார்ச்சில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சிறைப்பட, நெல்லையில் 13-ஆம் நாள் பெருங்கிளர்ச்சி மூண்டது. அவ்வாண்டிலேயே 'இந்தியா' வார இதழின்மேல் அரசின் கை விழுந்தது. சட்டப்படி ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன் தண்டனை அடைந்தார். பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். தெளிவாக எழுதியதற்கு அந்நாளில் விலை இருந்தது.

இனி அக்கடிதத்துக்கு வருவோம். தம் எழுத்துகளை நாற்பது புத்தகங்களாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள், ஆக நான்கு லட்சம் படிகள் அச்சிட வேண்டுமென்று அவர் திட்டமிட்டார். அதற்கான பணத்தை நண்பர்களிடம் கடனாகக் கேட்டார். தீப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும் விட விரைவாக அவை விற்றுப்போகும் என்பது அவர் நம்பிக்கை. 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேரே. கணக்காகப் பார்த்தால் துணிச்சல் மிகுதிதான். ஆயினும் தீப்பெட்டி புகாத வீடில்லை என்பதை எண்ணும்போது, அவர் யாரை வாசகராகக் கருதினார் என்பது புலனாகிறது.

பணம் சேரவில்லை. பாரதியார் சென்னைக்குத் திரும்பி மீண்டும் சுதேசமித்திரனில் சேர்ந்தார்; 1921 செப்டம்பரில் மறைந்தார். 1949-இல் சென்னை மாகாண அரசு அவர் நூல்களின் உரிமையை வாங்கியது. பின்னர் அது மக்களின் பொதுவுடைமை ஆயிற்று. அதன்பின் அவருடைய கவிதைத் தொகுதி மலிவுப் பதிப்பாகத் தமிழ்நாட்டுப் புத்தகக் கடைகளிலெல்லாம் வரத் தொடங்கியது.