டவுலியு முதல் செய்யாறு வரை

தைவானின் யுன்லின் மாவட்டத் தலைநகர் டவுலியு, வயல் சூழ்ந்த சிறுநகரம். 1971இல் அங்கே தொடங்கிய ஃபெங் டே காலணி நிறுவனம், அதே பத்தாண்டில் நைக்கிக்குக் காலணி செய்துதரத் தொடங்கியது. 1980களின் பிற்பகுதியில் தைவான் நாணயத்தின் மதிப்பு ஏறியது, கூலியும் உயர்ந்தது. தைவான் காலணித் தொழில் சீனாவின் ஃபூஜியன், குவாங்டாங் கரைகளுக்குக் கிளம்பியது. ஃபெங் டேயும் சீனா, இந்தோனேசியா, வியட்நாம் என்று கடல் தாண்டியது.

தாய் நகரம் ஒரேயடியாகக் காலியாகிவிடவில்லை. தலைமையகமும் புது மாதிரிகளை உருவாக்கும் பிரிவும் டவுலியுவிலேயே தங்கின. போனது தையல் வரிசைதான். ஆனால் அதிகம் படிக்காதவர்களுக்கும் சோறு போட்ட வேலை அதுவே.

அந்த வேலை 2000களின் நடுவில் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு வந்தது. செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில் ஃபெங் டேயின் லோட்டஸ் காலணித் தொழிற்சாலை எழுந்தது. திருஞானசம்பந்தர் ஆண்பனையைப் பெண்பனையாக்கியதாகச் சொல்லப்படும் ஊர், செய்யாறு. நாற்று நடவும் களையெடுக்கவும் போன கைகள் மேற்பகுதியைத் தைக்கவும் அடிப்பகுதியை ஒட்டவும் பழகின. தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஷிப்ட் நேரத்தில் கம்பெனி பஸ்கள் ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றுகின்றன. மாவட்டத் தலைநகரோ இன்றும் கிரிவலத்தையும் தீபத்தையும் நம்பியே பிழைக்கிறது.

வளர்ச்சிக்கு விலையும் உண்டு. சிப்காட் விரிவாக்கத்துக்கு விளைநிலம் தரமறுத்துப் போராடிய மேல்மா பகுதியினரில் 7 பேர் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. கண்டனம் வலுத்தபின், 6 பேர் மீதான உத்தரவை அரசு திரும்பப் பெற்றது.