ஜெனோவா பாலம்: காங்கிரீட்டுக்குள் ஒளிந்த துரு

இன்னைக்கு இத்தாலியின் துறைமுக நகரமான ஜெனோவாவுக்குப் போகலாம்.

2018 ஆகஸ்ட் 14. காலை பதினொன்றரை மணி தாண்டியிருக்கும், கொட்டுற மழை. நகரத்துக்கு மேலே போகும் நெடுஞ்சாலைப் பாலத்தில் சுமார் 200 மீட்டர் சரிந்து விழுந்தது. 43 பேர் இறந்துபோனார்கள்.

பாலத்தை வடிவமைத்தவர் ரிக்கார்டோ மொராந்தி. திறந்தது 1967-ல். பாலத்தைக் கோபுரத்திலிருந்து தாங்கிப் பிடிக்கும் சாய்வான எஃகுக் கம்பிகளை அவர் காங்கிரீட்டுக்குள் பொதிந்துவிட்டார். காங்கிரீட் கம்பியைக் காப்பாத்தும் என்பது கணக்கு.

அந்தக் கணக்கில் நியாயம் உண்டு. காங்கிரீட் காரத்தன்மை கொண்டது. அந்தக் காரத்தில் கம்பிமேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகும். அது இருக்கிறவரை துரு பிடிக்காது. ஆனால் கடற்காற்றின் உப்பில் இருக்கும் குளோரைடு, ஈரத்தோடு உள்ளே இறங்கி அந்தப் படலத்தைத் துளைக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும், ஆலைப் புகையின் அமில வாயுக்களும் காரத்தையே குறைத்துவிடும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். விரிசல் வழியா இன்னும் ஈரம், இன்னும் துரு.

ஜெனோவாவில் கடலும் இருந்தது, பக்கத்திலேயே எஃகு ஆலையும் இருந்தது. இதைச் சொன்னது யார் தெரியுமா? மொராந்தியேதான்! கடற்காற்றும் ஆலைப் புகையும் சேர்ந்து காங்கிரீட்டை அரிக்கின்றன என்று 1979-லேயே எழுதினார்.

1990-களில், மூன்று கோபுரங்களில் 11-ஆம் எண் கோபுரத்துக்குத்தான் வெளிப்புறமாகப் புதிய கம்பிகள் கொடுத்து முழுசா பலப்படுத்தினார்கள். விழுந்தது 9-ஆம் கோபுரம். அதன் சாய்வுக் கம்பிகளின் உச்சியில் கடுமையான அரிப்பு இருந்ததை நீதிமன்ற நிபுணர்கள் பின்னாடி கண்டறிந்தார்கள்.

வெளியே தெரியும் கம்பி துருப்பிடிச்சா கண்ணில் படும், மாத்திடலாம். இங்கே காப்பாத்த வேண்டிய காங்கிரீட்டே துருவை மறைச்சு வைத்தது. அதனால், கடலோரத்தில் ஒரு காங்கிரீட் கட்டடம் வெளியே நல்லா இருக்கு என்பது பாதிப் பதில்தான். உள்ளே கம்பி எப்படி இருக்கு? அந்தக் கேள்வியைக் கட்டினவரே கேட்டார். பதில் தேடிப் பார்க்கத்தான் 39 வருஷம் போதவில்லை.